கோல்ஃப் திடலில் மண்ணுக்கடியில் சொட்டுநீர்: சுங்கை சிப்புட்டுக்குச் சரிப்படுமா?

செம்பனைக்காரன்: நம்ம பேராக் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய ஒன்பது குழித் திடல் இருக்கிறதே, அங்கே தெளிப்பான்களை எடுத்துவிட்டுச் சொட்டுநீர்க் குழாய் புதைக்கலாம் என்று பேச்சு. நான் ஆதரிக்கிறேன். தெளிப்பான் அடிக்கும் தண்ணீர் காற்றிலும் வண்டிப் பாதையிலும் வீணாகிறது. நாலு முதல் ஆறு அங்குலத்தில் குழாய் இருந்தால் நேரே வேருக்குப் போகும். பகலில் ஆட்டம் நடக்கும்போதே தண்ணீர் விடலாம்.

புல்வெட்டி: அண்ணே, எனக்கு இதுதான் வேலை. கிரீனில், அதாவது குழி இருக்கிற வழவழப்பான புல்தரையில் மட்டும் வேண்டவே வேண்டாம். குழியை அடிக்கடி இடம் மாற்றுகிறோம். குழி குறைந்தது நாலு அங்குல ஆழம், உள்ளே வைக்கிற கப் தரைக்கு ஓர் அங்குலமாவது கீழே உட்கார வேண்டும். கருவியை மிதித்துத் திருகி இறக்கும்போது அடியில் குழாய் எங்கே ஓடுகிறது என்று எவன் பார்ப்பான்? ஆழ ஊசி போட்டு மண்ணுக்குக் காற்று விடும் நாளில் குழாய் சல்லடைதான். போதாததற்கு, மணல் கிரீனில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது. புல் கோடு கோடாகத்தான் பச்சை பிடிக்கும்.

கிராணி மகள்: ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில் புல்லுக்கு இவ்வளவு செலவா? தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயை முதலில் பாருங்கள்.

செம்பனைக்காரன்: அது நியாயம்தான், ஆனால் வேறு விவாதம். பிப்ரவரியில் இரண்டு வாரம் வெயில் காய்ந்தால் ஆண்டு மழைக் கணக்கு புல்லைக் காப்பாற்றாது.

சரி புல்வெட்டித் தம்பி, கிரீனை விடுங்கள். பங்கர் என்கிற மணல் பள்ளத்தின் கரை? அந்தச் சரிவில் தெளிக்கிற தண்ணீர் வழிந்து மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே யாரும் குழி வெட்டுவதில்லை.

புல்வெட்டி: பங்கர் கரைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பம்ப் நின்றதும் குழாய் உள்வாங்கும். தண்ணீர் சொட்டும் துளையான சொட்டுவாய் வழியாகச் சேறு ஏறும். அதைத் தடுக்க மேட்டில் காற்றை உள்ளே விடும் வால்வு கட்டாயம். ஆற்றுத் தண்ணீர் என்றால் 120 மெஷ் அளவு நுண்சல்லடை வடிகட்டி வேண்டும், அதையும் கழுவ ஆள் வேண்டும். வேர் நுழையாமலிருக்க டிரைஃப்ளூரலின் என்ற களைக்கொல்லி கலந்த சொட்டுவாய் இருக்கிறது, விலைதான் கூட.

செம்பனைக்காரன்: அப்போ தெளிப்பானைக் கழற்றலாமா?

புல்வெட்டி: எப்படிக் கழற்றுவது? யூரியா தூவின கையோடு மேலே தண்ணீர் அடித்துக் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். புதுப் புல் நட்டாலும் மேல் தண்ணீர்தான். அப்புறம் எலி. செம்பனைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் குழாய் புதைக்கப் போகிறீர்கள், அதையும் கணக்கில் சேருங்கள் அண்ணே.