புதுப்பிப்பு: சஸ்காட்சுவான் காற்றுத் தடுப்பு மரவரிசை, பழுப்பேறிய ஸ்ப்ரூஸ்

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணச் சமவெளியில் ஏக்கர் கணக்கில் நிலத்தோடு இருக்கும் வீடுகளுக்கு, வடமேற்கில் மூன்று வரிசை மரம் வைப்பது பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன்: வெளியே கரகானா என்ற புதர் (30 செ.மீ. இடைவெளி), நடுவில் பச்சை ஆஷ் என்ற இலையுதிர் மரம் (2.5 மீ.), உள்ளே வெள்ளை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் (3.5 மீ.). ஏப்ரலில் ஸ்ப்ரூஸ் பழுப்பேறினால் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து பிடுங்காதீர்கள். மண் உறைந்து கிடக்கும்போது வெயிலும் காற்றும் ஊசியிலையின் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. வேரால் ஈடுகட்ட முடிவதில்லை. அதனால்தான் தென்மேற்குப் பக்கம் அதிகம் காய்கிறது. பனிக்குள் புதைந்திருந்த கீழ்க்கிளைகள் பச்சையாகவே இருக்கும். நுனி மொட்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் ஜூனுக்குள் துளிர்த்துவிடும், அதுவரை கிளையை வெட்ட வேண்டாம். அக்டோபரில் மண் உறையும் முன் 30 செ.மீ. ஆழம் நனையத் தண்ணீர் விடுங்கள்.

களை வராமல் மரத்தடியில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்தவர்கள், தண்டு பருக்கப் பருக்க அதைச் சுற்றியுள்ள ஓட்டையை அகலப்படுத்துங்கள். விட்டுவிட்டால் பட்டையை இறுக்கி மரத்தையே கொன்றுவிடும்.

வரிசைக்கும் வீட்டுக்கும் குறைந்தது 30 மீட்டர் விடுங்கள். கரகானா தடுக்கும் பனி அதன் பின்னால்தான் குவியும். நெருக்கி வைத்தால் வண்டிப்பாதை மூடிப்போகும்.

சஸ்காட்சுவானின் இந்தியன் ஹெட் ஊரிலிருந்து கனடா மத்திய அரசு கொடுத்துவந்த இலவச நாற்று 2013-ல் நின்றுவிட்டது, பெரிய இழப்பு. தனியார் நாற்றங்காலில் குளிர்காலத்திலேயே சொல்லி வையுங்கள்.