எலும்பு எக்ஸ்ரே அளக்கும் மென்பொருள்: சோதித்தவர்கள் சொல்லுங்கள்

தெம்பனிஸ்காரன்:
சிங்கப்பூரில் ஒன்-நார்த் பக்கம் எனக்கு வேலை. எக்ஸ்ரேயில் கோணமும் நீளமும் அளக்கும் மென்பொருளைச் சோதிக்கிறேன். முதுகு வளைவைக் காட்டும் காப் கோணத்தில்தான் தலைவலி அதிகம். வளைவின் மேல்முனையில் அதிகம் சாய்ந்த முள்ளெலும்பின் மேல்விளிம்பில் ஒரு கோடு, கீழ்முனையில் அதிகம் சாய்ந்ததன் கீழ்விளிம்பில் ஒரு கோடு; இரண்டும் சேரும் கோணம் 10 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கும் நிலை. ஆனால் எந்த முள்ளெலும்பைப் பிடிப்பது என்பதிலேயே இரண்டு டாக்டர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். பெயரை மறைத்து, வரிசையைக் கலைத்து, சில வாரம் கழித்து அதே படங்களைக் கொடுத்தால் அதே டாக்டரே வேறு எண் சொல்வார். 3 முதல் 5 டிகிரி வரை முன்பின் ஆவது சகஜம். ஆகவே "துல்லியமாக அளக்கும்" என்று யாராவது விற்க வந்தால், யாருடைய அளவோடு ஒப்பிட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) டாக்டர் அளவுக்கும் மென்பொருள் அளவுக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண்; 1 வந்தால் முழுப் பொருத்தம்) 0.98 என்று பெருமையாகக் காட்டியது. புள்ளியியல் அறிஞர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் மருத்துவ இதழில் சொன்ன முறைப்படி, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தைச் சராசரிக்கு எதிரே புள்ளி வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் பூஜ்ஜியக் கோட்டுக்கு மேலே! மென்பொருள் எப்போதும் 4 டிகிரி வாக்கில் கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது. வளரும் பிள்ளைக்கு 22 என்பது 26 ஆனால் பிரேஸ் (முதுகைத் தாங்கும் கவசம்) போடலாமா என்ற பேச்சு வந்துவிடும். ஒட்டுறவு எண்ணில் இது தெரியவே தெரியாது.

எக்ஸ்ரே அக்கா:
தம்பி, கோணமாவது பரவாயில்லை. படம் பெரிதானாலும் கோணம் மாறாது. நீளத்தைக் கேளுங்கள். இடுப்பெலும்பு, படம் பதியும் தட்டான டிடெக்டரிலிருந்து தள்ளி இருப்பதால், படத்தில் 15, 20 சதவீதம் பெரிதாக விழும். அதற்குத்தான் 25 மி.மீ. உலோக உருண்டையை எலும்பின் மட்டத்திலேயே வைத்து எடுத்து, அது படத்தில் எவ்வளவு பெரிதானது என்று பார்த்து நிஜ நீளத்தைக் கணக்கிடுகிறோம். "அங்கிள், இதைத் தொடைக்கு நடுவில் வைக்கணும்" என்றதும் பெரியவர்கள் முகம் போகும் போக்கு இருக்கிறதே! கூச்சப்படுகிறார் என்று மேசைமேல் வைத்துவிட்டால், டிடெக்டருக்குக் கிட்டே இருப்பதால் உருண்டை படத்தில் குறைவாகத்தான் பெரிதாகும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் எலும்பு நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும், செயற்கை மூட்டின் அளவும் தப்பாகும். உருண்டையே இல்லாத படத்தைக் கொடுத்தால் உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது?

தெம்பனிஸ்காரன்:
நல்லாக் கேட்டீங்க அக்கா. நான் சோதித்த ஒரு மென்பொருள், டிடெக்டரில் விழுந்த அளவை அப்படியே எடுத்து மி.மீ. என்று காட்டிவிட்டது, எச்சரிக்கைகூட இல்லை. நோயறியப் பயன்படும் மென்பொருளை இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் மருத்துவக் கருவியாகத்தான் பார்க்கும், அதனால் இதை இப்படியே வெளியிட முடியாது என்று திருப்பி அனுப்பினேன். இப்போது உருண்டை இல்லாத படம், திருகாணி போட்ட முதுகு, எலும்பு தேய்ந்த பாட்டிமார் படம் எல்லாவற்றையும் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிட்டேன். புதுப் பதிப்பு வந்தால் முழுத் தொகுப்பும் திரும்ப ஓடும்.