அப்பாவின் இதயப் பம்பு: சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போகிறது, திங்கள்வரை பொறுக்கலாமா?

செங்காங் மகள்:
அப்பாவுக்கு 67 வயது. இதயத்தின் இடது கீழறையில் பம்பு வைத்து மூன்று வருடம் ஆகிறது. நேற்றுக் காலையிலிருந்து சிறுநீர் பால் சேர்க்காத கோப்பி மாதிரிப் போகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தண்ணீர் குடிக்காததால்தான் என்கிறார். இரண்டு பாட்டில் குடிக்க வைத்தும் நிறம் மாறவில்லை. கன்ட்ரோலரில் எப்போதும் 5 வாட் சொச்சம் காட்டும், இன்று 8. ஆனால் அலாரம் அடிக்கவில்லை. திங்கட்கிழமை எப்படியும் கிளினிக் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா?

பொங்கோல் அக்கா:
பொறுக்காதீர்கள் தங்கச்சி. என் வீட்டுக்காரருக்கும் பம்புதான். பம்புத் தாதியின் 24 மணி நேர எண் அப்பாவின் அட்டையில் இருக்கும், இப்போதே கூப்பிட்டு நிறத்தையும் வாட்டையும் சொல்லுங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ வந்தால் நேரே 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். வருகிறவர்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து நாடியே இல்லை என்று பதறலாம்; பம்பு வைத்திருக்கிறார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்று கன்ட்ரோலர், பேட்டரிப் பை மறக்க வேண்டாம்.

ஆய்வுக்கூடத்து ஆள்:
அக்கா சொன்னதுதான். ஏன் என்று நான் சொல்கிறேன். பம்பின் சுழலி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிறது. அந்தக் குறுகிய இடைவெளியில் உராய்ந்து போகும்போது சில சிவப்பணுக்கள் கிழியும். கொஞ்சம் என்றால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். உள்ளே ரத்தக்கட்டி ஒட்டினால் வழி இன்னும் குறுகும், கிழிவது கூடும், சுழலியைச் சுற்ற மின்சாரமும் கூடுதலாக வேண்டும். அதுதான் அந்த 8 வாட். கிழிந்த அணுக்களிலிருந்து கொட்டிய ஹீமோகுளோபினைப் பிடித்து வைக்கும் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் தீர்ந்ததும் மிச்சம் சிறுநீரகம் வழியாக இறங்கும், அதுதான் அந்தக் கோப்பி நிறம். ரத்த மாதிரியைச் சுழற்றி வைத்தால் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய பிளாஸ்மா ரோஸ் மில்க் போடுகிற சிரப் மாதிரி நிற்கும். ஊசி சரியாகக் குத்தாமல் இழுத்தாலும் அப்படி ஆகும், அதனால் இரண்டாம் முறை ரத்தம் கேட்டால் கோபப்படாதீர்கள். அணுக்கள் கிழியும்போது வெளிவரும் எல்டிஎச் என்ற நொதி வழக்கமான உச்ச அளவைப் போல இரண்டரை மடங்கு தாண்டினால் கட்டியைத் தேட ஆரம்பிப்பார்கள்.

உட்லண்ட்ஸ் மருமகன்:
என் மாமாவுக்குச் சிறுநீர் சரிதான், மலம்தான் தார் மாதிரிக் கறுப்பு. அதுவும் இதேதானா அண்ணா?

ஆய்வுக்கூடத்து ஆள்:
அது வேறு. சிவப்பணுவைக் கிழிக்கிற அதே உராய்வு, ரத்தத்தை உறைய வைக்கும் வான் வில்லிபிராண்ட் புரதத்தின் நீண்ட சங்கிலிகளை இழுத்து நீட்டுகிறது. நீட்டியதை ரத்தத்திலேயே உள்ள ஒரு நொதி வெட்டிவிடுகிறது. அப்புறம் குடலில் பலவீனமான குழாய் எதுவானாலும் கசியும். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுக்க வைக்கும்தான், ஆனால் பம்புக்காரருக்கு அப்படி வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம். இன்றைக்கே கூப்பிடுங்கள்.

செங்காங் மகள்:
வார்டிலிருந்து எழுதுகிறேன். எல்டிஎச் 1,300க்கு மேல். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டியது 1.5. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின் மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லையே என்று நான் வாதாட, தாதி சாப்பாட்டைக் கேட்டார். போன மாதம் ஹீமோகுளோபின் குறைவு என்றதிலிருந்து, ரத்தம் ஊறட்டும் என்று அம்மா தினமும் தேக்காவில் முருங்கைக்கீரை வாங்கிப் பொரியல் செய்திருக்கிறார். கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினை அமுக்கியிருக்கலாம் என்கிறார்கள். அம்மா கட்டில் ஓரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஏறுகிறது, வாட் 6க்கு வந்திருக்கிறது. இன்னும் இறங்காவிட்டால் பம்பையே மாற்ற வேண்டி வரலாமாம்.

பொங்கோல் அக்கா:
அம்மாவைத் திட்டிவிடாதீர்கள். நானும் முதல் வருடம் அரைக்கீரையில் இதையேதான் செய்தேன். அடியோடு நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தினால் ஐஎன்ஆர் எகிறும். வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று தாதியிடம் கேட்டு அம்மா கையாலேயே காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள்.