ஏடிவிக்கு ட்ராக் கிட் மாட்டலாம்னு இருக்கேன், எதப் பாத்து வாங்குறது?

சேத்துச்சக்கரம்:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட 570 சிசி 4x4 ஏடிவி (கரடுமுரடான தரைல ஓடுற நாலு சக்கர வண்டி) இருக்கு, பவர் ஸ்டியரிங் உண்டு. பனிக்காலம் முழுக்க விறகு இழுக்க, பாதைல கெடக்குற பனியத் தள்ளனு இதான் வேல செய்யுது. டயர்ல செயின் கட்டியும் பனி முழங்கால் அளவு வந்துட்டா வண்டி வயிறு தட்டி நின்னுடுது, நாலு சக்கரமும் சும்மா சுத்துது. அதான் டயரக் கழட்டிட்டு டாங்கிக்கு இருக்கிற மாதிரி ரப்பர் பட்டை, அதாவது ட்ராக், மாட்டலாம்னு பாக்குறேன். பனி உருகுனா அதே பாதை சதுப்பாயிடும், அப்பவும் ட்ராக்கோடவே ஓட்டிக்கலாம்னு ஒரு நெனப்பு. தேடிப் பாத்தா பனிக்கு மட்டும்னு ஒரு வகை, நாலு சீசனுக்கும்னு ஒரு வகை, லக் (ட்ராக் வெளிப்பக்கம் துருத்திட்டிருக்கிற ரப்பர் கட்டை) உயரம் ஒன்னேகால் இஞ்ச், ரெண்டு இஞ்ச்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. உயரமா இருந்தா நல்லதுதானே? ஸ்பீடு எவ்ளோ அடிபடும்? 570க்கு இது தாங்குமா?

மலைப்பாதை:
லக்க அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல ட்ராக்குக்கு உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. சில கிட்ல ரப்பர் பெல்ட்டு பிளாஸ்டிக் ஸ்லைடு மேல வழுக்கி ஓடும், அந்த ஸ்லைட குளுத்தி வைக்கிறதே பனிதான். சேத்துல, காஞ்ச மண்ணுல ஓட்டுனா சூடேறி சீக்கிரம் தேஞ்சுடும். நாலு சீசன் கிட்ல பெரும்பாலும் முழுக்க சின்னச் சின்ன சக்கரங்கதான் எடையத் தாங்கும், அதனால வெயில்லயும் ஓடும். ஆனா எத்தன சக்கரமோ அத்தன பேரிங், அத்தன சீல், சதுப்புல ஓட்டிட்டு கழுவாம விட்டா மணல் உள்ள போயி ஒவ்வொண்ணா கத்த ஆரம்பிக்கும். உங்களுக்கு ரெண்டு காலமும் வேணும்ங்கிறதால சக்கரம் வச்சதுதான் சரி.

லக் விஷயத்துல, உதிரிப் பனில உயரமான லக் நல்லாப் புடிக்கும், மறுக்கல. ஆனா கெட்டித் தரைல அது மடங்கி மடங்கி தேயும், வண்டியும் உதறும். சதுப்புல ஆழமான லக் மேல இருக்கிற புல்வேரக் கிழிச்சுடும், அது கிழிஞ்சா அடுத்த தடவ அதே வழில போக முடியாது. உங்க வேலைக்கு ஒன்னேகால் இஞ்ச் பக்கத்துல இருக்கிறதே போதும்னுதான் நான் சொல்லுவேன்.

கணக்குப்புலி:
ஸ்பீடுக்கு யாரயும் கேக்க வேணாம், நீங்களே போட்டுப் பாக்கலாம். 25 இஞ்ச் டயர் ஒரு சுத்துக்கு சுமார் 78 இஞ்ச் நகரும். ட்ராக்குல ஹப்போட (சக்கரம் மாட்டுற குடம்) சுத்துறது ஸ்ப்ராக்கெட்ங்கிற பல்சக்கரம், அதுல 15 பல்லு, பல்லுக்குப் பல்லு 3 இஞ்ச்னு வச்சுக்கோங்க, ஒரு சுத்துக்கு 45 இஞ்ச்தான். மீட்டர் 50னு காட்டுறப்ப நெஜத்துல 29 கிட்டதான் போவீங்க (மீட்டர் ஹப் சுத்துறதத்தானே எண்ணுது, ஓடுன கிலோமீட்டரும் கூடத்தான் ஏறும்). சின்ன ஸ்ப்ராக்கெட்னா இழுவ கூடும் வேகம் கொறையும், பெருசுன்னா தலைகீழ். விறகு இழுக்குறவருக்கு சின்னதுதான், சந்தேகமே இல்ல.

ஏன் பனில புதையாதுன்னும் இதே மாதிரி பாருங்க. வண்டி, கிட், ஆளு எல்லாம் சேத்து 580 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 1280 பவுண்டு. ஒரு ட்ராக் தரைல படுறது 12க்கு 30 இஞ்ச்னா நாலுக்கும் 1440 சதுர இஞ்ச். ஒரு பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) கூட வரல. ஏடிவி டயர்ல அடிக்கிற காத்தே 5, 6 பிஎஸ்ஐ, தரைய அமுக்குறதும் ஏறத்தாழ அவ்ளோதான் இருக்கும்.

மலைப்பாதை:
570 தாங்கும், ஆனா எஞ்சின விட சிவிடி பெல்ட்ட (எஞ்சின் சுத்துறத கியர்பாக்ஸுக்குக் கடத்துற பெல்ட்) பத்திதான் கவலப்படணும். ஆழமான பனில மெதுவா போறப்ப, எதையாவது இழுக்குறப்ப, பனி தள்ளுறப்ப லோ கியர்லயே ஓட்டுங்க, ஹைல போட்டு முக்குனா பெல்ட் வழுக்கி சூடாகி கருகிடும். அப்புறம் வீல் பேரிங், ஆக்சில், பால் ஜாயிண்ட் எல்லாத்துக்கும் பாரம் கூடுது, ஏற்கெனவே ஆட்டம் இருந்தா அத மாத்திட்டு ட்ராக்க மாட்டுங்க.

ஓரமாநிக்கிறவன்:
எல்லாரும் மாட்டச் சொல்றீங்க, நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுறேன். பனிக்கு சரி, வருஷம் முழுக்க எதுக்கு? ட்ராக்கோட வண்டி திருப்ப பெரிய எடம் வேணும், எரிபொருள் கூடக் குடிக்கும், கல்லு மேல ரப்பர் போயிடும், தார் ரோட்ட நெனச்சே பாக்காதீங்க. சதுப்பு ஒரு மாசந்தான்னா அதுவரைக்கும் வச்சிட்டு தரை காஞ்சதும் டயருக்கு மாறிடுங்க. மொதத் தடவ மாட்டத்தான் நேரமெடுக்கும், வண்டில பிராக்கெட் எல்லாம் ஏறிட்டா அப்புறம் கழட்டி மாட்டுறது ஒரு பொழுது வேலதான்.

சேத்துச்சக்கரம்:
ரொம்ப நன்றிங்க. காஞ்சதும் கழட்டிடுறேன், அது நியாயமாத்தான் படுது. பிராக்கெட்னு சொன்னீங்களே, அது என்ன? கிட்டு எந்த வண்டிக்கும் ஏறும்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இன்னொருத்தர் பழைய கிட் விக்கிறாரு, அவர் வண்டி வேற மாடல்.

மலைப்பாதை:
இங்கதான் கவனமா இருக்கணும். நாலு ட்ராக் யூனிட்டு பொதுவா பல வண்டிக்கும் ஒத்துப்போகும், ஆனா ஹப்புல புடிக்கிற அடாப்டர், ட்ராக் சட்டம் ஒரேயடியா பொரண்டு போகாம தடுக்குற ஆன்டி ரொட்டேஷன் பிராக்கெட், ஸ்டியரிங் ரொம்ப ஒடியாம நிறுத்துற ஸ்டியரிங் ஸ்டாப் இதெல்லாம் மாடலுக்கு மாடல் வேற. கிட்டத் தயாரிச்சவங்க லிஸ்ட்ல உங்க வண்டி, உங்க வருஷம் இருக்கான்னு பாருங்க, இருந்தா மாட்டுறதுக்கான அந்தப் பாகங்கள (மவுண்ட் கிட்) மட்டும் தனியா வாங்கிக்கலாம். சும்மா வெல்டு வச்சு ஒப்பேத்தாதீங்க, கோணம் தப்பிப்போனா ட்ராக் மூக்கு பனிக்குள்ள குத்தும், இல்லேன்னா பாடிலயோ சிவி பூட்லயோ (ஆக்சில் மூட்ட மூடுற ரப்பர் உறை) இடிக்கும். பழைய கிட்ல உள்பக்கம் ஸ்ப்ராக்கெட் கடிக்கிற ரப்பர் பல்லு அறுந்திருக்கா, சக்கரத்தக் கையால சுத்துனா சொரசொரன்னு இருக்கான்னும் பாத்துடுங்க. மாட்டி கொஞ்சம் ஓட்டுனதும் ட்ராக்கோட டென்ஷன (இறுக்கத்த) மறுபடி சரி பண்ணணும், புது ரப்பர் தளரும். முன் ட்ராக் ரெண்டும் நேரா நிக்குதான்னும் அளந்துக்கோங்க, கோணலா இருந்தா ஸ்டியரிங் கல்லு மாதிரி கனக்கும்.

கணக்குப்புலி:
பனி தள்ளுற பிளேடு வச்சிருக்கீங்கன்னா அதையும் கணக்குல சேருங்க. ட்ராக் போட்டா வண்டி நாலஞ்சு இஞ்ச் ஒசந்துடும், பிளேடு கோணம் மாறிடும், பெரும்பாலும் ட்ராக்குக்குன்னே நீளமான புஷ் ட்யூப்போ (பிளேட வண்டியோட இணைக்கிற சட்டம்) எறக்கு பிராக்கெட்டோ தேவப்படும். இத மறந்துட்டு ட்ராக் மட்டும் வாங்கிட்டு வந்து முழிக்கிறவங்க நெறைய.

ஓரமாநிக்கிறவன்:
நிறுத்துறதுக்கு முன்னாடி முன்ன பின்ன ரெண்டு தடவ ஓட்டி உள்ள அடைஞ்ச பனிய உதறிட்டு, பலகை மேல ஏத்தி நிறுத்துங்க. ராத்திரில தரையோட ஒறைஞ்சு ஒட்டிக்கிட்டத காலைல ஆக்சிலேட்டர் அமுக்கி பிச்செடுத்தா சிவிடி பெல்ட்டோ ஆக்சிலோ போயிடும். ஆழமான பனில ரிவர்ஸ்ல ஒடிச்சுத் திருப்புறதையும் கொறச்சுக்கோங்க, ட்ராக் கழண்டுக்குறது அப்பதான்.