சில்வியா எஸ்15 ஜப்பான்லேர்ந்து இறக்கலாமா? பெங்களூர் பதிவு, மாடிஃபிகேஷன் – உதவி தேவை

அல்சூர் (கேள்வி)

வணக்கம். நிசான் சில்வியா எஸ்15 ஸ்பெக்-ஆர், 2000 மாடல், ஜப்பான் ஏலத்தாளில் (காரின் நிலைக்கு மதிப்பெண் போடும் தாள்) கிரேடு 4. தரகர் ரெண்டு வழி சொல்றார். முதல் வழி, கார்னேயில் கொண்டுவந்து "இங்கே வந்ததும் மாத்திக்கலாம்". ரெண்டாவது, ஹாஃப் கட்: காரை ரெண்டாக அறுத்து உதிரி பாகமாக இறக்கி, இங்கே வெல்டிங் செய்து, வேறொரு காரின் ஆர்.சி.யில் ஓட்டுவது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். கையில் 40 லட்சம் இருக்கு. அதன் எஸ்ஆர்20 எஞ்சினில் பெரிய டர்போ போட்டு 350 குதிரைத்திறன் எடுக்கணும், காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய சஸ்பென்ஷன்) போடணும். ஞாயிறு காலை நந்தி மலை, எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை டிராக். எந்த வழி பாதுகாப்பு?

பீன்யா

ரெண்டுமே இல்லை. முன்பணம் அனுப்பாதீங்க.

பழைய கார் இறக்குமதிக்கு டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) விதி தெளிவா இருக்கு: தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, வலது பக்க ஸ்டியரிங், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில், இன்னும் 5 வருடம் ஓடத் தகுதி உள்ளதுன்னு ஏற்றுமதிக்கு முன்பே சான்றிதழ், இறங்குவது மும்பைத் துறைமுகத்தில் மட்டும். எஸ்15 தயாரிப்பே 2002-இல் நின்னுபோச்சு. கிரேடு 4 இல்லை, 5 வந்தாலும் அந்தத் தாளால் இங்கே ஒரு பயனும் இல்லை.

கார்னேங்கிறது சுற்றுலாவுக்கு வரும் வண்டிக்கான தற்காலிக அனுமதி. வெளிநாட்டு நம்பர் பிளேட்டோடு வந்து, கெடு முடிவதற்குள் திரும்பிப் போயாகணும். இங்கே விற்கவும் முடியாது, கர்நாடகப் பதிவும் கிடைக்காது. கெடு தாண்டினால் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். அப்போது மாட்டுவது காரை வைத்திருப்பவர், தரகர் இல்லை.

ஹாஃப் கட் இன்னும் மோசம். பழைய உதிரி பாகத்தை இறக்கவே உரிமம் வேணும். அப்புறம் பாருங்க, ஜப்பான் உள்நாட்டுக் கார்களுக்கு 17 இலக்க எண் கிடையாது; எஸ்15-இன் சேசிஸ் எண் "எஸ்15-"னு தொடங்கி ஆறு இலக்கம் வரும். ஆர்.சி.யில் இருப்பதோ வேறு காரின் எண். ரெண்டும் பொருந்தணும்னா யாராவது எண்ணைத் தேய்த்து மறுபடி அடிக்கணும், அது குற்றம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் அதே எண்ணைத்தான். அதோடு, தரையும், கதவுக்கு அடியில் வரும் சட்டமும் அறுத்து ஒட்டிய உடம்பில் 350 குதிரைத்திறன் போட்டால் வளைவில் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த வெல்டிங்தான்.

3 வருடத்துக்குள் இருக்கும் டொயோட்டா ஜிஆர்86 மாதிரி காரை முறைப்படி இறக்க நினைத்தாலும், 20 லட்சம் மதிப்புள்ள கார் சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 60 லட்சத்தைத் தாண்டும். உங்க 40 லட்சத்துக்கு, ஏற்கெனவே இந்தியாவில் முறையாக விற்ற நிசான் 370 இசட் அல்லது மிட்சுபிஷி லேன்சர் இவோ 10 தேடுங்க.

அல்சூர்

ரொம்ப நன்றி, தரகருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். மும்பைப் பதிவில் ஒரு 370 இசட், 2011, ஆறு கியர் மேனுவல், 58,000 கி.மீ. பார்த்தேன். ரெண்டு சந்தேகம். கிளட்ச் பெடல் சில நேரம் கீழேயே நின்னுடுது. விற்பவர் ஃப்ளூயிட் ஊற்றினால் போதும் என்கிறார். அரை மணி நேரம் வேகமாக ஓட்டினால் ஆயில் சூடு 125 டிகிரி காட்டுது.

ஜே.சி. ரோடு

தம்பி, ரெண்டுமே இந்தக் காருக்குத் தெரிஞ்ச நோய்தான்.

கிளட்ச்: இதில் ஸ்லேவ் சிலிண்டர் (ஃப்ளூயிட் அழுத்தத்தில் கிளட்சை விடுவிப்பது) வெளியே இல்லை, பெல் ஹவுசிங்குக்குள்ளே (கியர்பாக்ஸின் முன்பக்க உறை) இன்புட் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கு. சூட்டில் சீல் போய் கசியும். காரை லிஃப்ட்டில் ஏற்றி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் விரல் வைத்துப் பாருங்க. பிரேக் ஃப்ளூயிட் ஈரம் இருந்தால் ஸ்லேவ்தான். அங்கே காய்ந்திருந்தால் பெடலுக்குப் பின்னால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்க. ஃப்ளூயிட் ஊற்றினால் சில நாள் தாங்கும், அவ்வளவுதான்.

இதுக்குக் கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும். அதனால் ஒரே தடவையில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பைலட் பேரிங், கிராங்க் பின் சீல், ஸ்டீல் பின்னல் ஹோஸ் எல்லாம் மாத்துங்க. ஃப்ளைவீல் டூயல் மாஸ், அதாவது ரெண்டு பகுதி, நடுவில் ஸ்பிரிங். கையால் திருப்பி ஆட்டம் எவ்வளவுன்னு பாருங்க. ஸ்லேவை வெளியே கொண்டுவரும் கன்வர்ஷன் கிட் வருது, அதைப் போட்டால் அடுத்த முறை கியர்பாக்ஸ் இறக்க வேண்டாம். ஃப்ளூயிட் டாட் 4.

ஆயில் சூடு: முதல் சில வருட மாடல்களில் ஆயில் கூலர் கிடையாது. 138 டிகிரி பக்கம் போனால் கம்ப்யூட்டரே ஆர்பிஎம்மைக் குறைச்சிடும். 19 அல்லது 25 வரிசை கூலர், சுமார் 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட் (ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மாட்டுவது) போடுங்க. தெர்மோஸ்டாட் இல்லாததை வாங்காதீங்க. நம்ம ஊர் டிசம்பர் காலையில் ஆயில் சூடே ஏறாது. ஃபில்டரோடு 4.9 லிட்டர், கூலருக்குச் சுமார் ஒரு லிட்டர் கூடுதல். ஓட்டி, நிறுத்தி, டிப்ஸ்டிக் பார்த்து நிரப்புங்க.

இதைவிட முக்கியமான ஒண்ணு, வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது: ஆயில் பிரஷர். டாஷ்போர்டில் ஆயில் சூட்டுக்கு மீட்டர் உண்டு, பிரஷருக்கு இல்லை. டைமிங் கவருக்குள் இருக்கும் ஆயில் கேலரி (ஆயில் போகும் பாதை) கேஸ்கெட் ஆரம்பகால எஞ்சின்களில் காகிதம். கிழிந்தால் பிரஷர் இறங்கி வால்வ் டைமிங் கோளாறு, கம்ப்யூட்டரில் பி0011, பி0021 கோளாறுக் கோடு வரும். பிரஷர் சுவிட்சைக் கழற்றி மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்க. எஞ்சின் நல்லா சூடான பிறகு ஐட்லிங்கில் 98 கேபிஏவுக்கு மேல், 2000 ஆர்பிஎம்மில் 294-க்கு மேல் இருக்கணும். குளிர்ந்த எஞ்சினில் பார்த்தால் கெட்டதும் நல்லதாத் தெரியும். கேஸ்கெட் போயிருந்தால் எஞ்சின் முன்பக்கம் முழுக்கத் திறக்கணும், அந்தக் காரை விட்டுடுங்க.

பீன்யா

பேப்பர் பக்கம் ரெண்டு விஷயம். மும்பை ஆர்.டி.ஓ.வில் படிவம் 28-இல் என்.ஓ.சி. எடுத்து, இங்கே ஆயுள் வரி கட்டணும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 18 சதவீதம், வயதுக்கேற்பக் குறையும், மேல்வரி தனி. அடுத்து, 2011 காருக்கு 15 வருடம் முடியும் தேதியை ஆர்.சி.யில் பாருங்க. இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 40,000 ரூபாய். விலை பேசும்போதே இதைக் கழிச்சுப் பேசுங்க.

மாடிஃபிகேஷன்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, 2019 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ரெண்டும் தயாரிப்பாளர் கொடுத்த அளவை மாத்தக் கூடாதுங்குது. அதே சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 6 மாதம் வரை சிறை. டர்போ கிட் எண்ணத்தை விடுங்க. கூலர், பிரேக் பேட், ஃப்ளூயிட், அதே அளவில் நல்ல டயர் போதும். போட்டதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்க. இன்னொண்ணு, பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கு. டர்போ இல்லாத எஞ்சின் இங்கே ஒன்பது, பத்து சதவீதம் குறைவாகத்தான் இழுக்கும். டைனோவில் (குதிரைத்திறன் அளக்கும் கருவி) உயரத்துக்கான திருத்தம் போடாத எண்ணைப் பார்த்து எஞ்சின் கெட்டதுன்னு முடிவு பண்ணாதீங்க.

அல்சூர்

கேஜ் மாட்டிப் பார்த்தாச்சு அண்ணா. சூட்டில் ஐட்லிங் 130, 2000-இல் 345. கோடு எதுவும் இல்லை. பெல் ஹவுசிங் அடியில் ஈரம் இருக்கு.

ஜே.சி. ரோடு

எஞ்சின் நல்லா இருக்கு, எடுங்க. கிளட்ச் வேலைச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்க. மும்பையிலிருந்து ஓட்டிவர வேண்டாம், பெடல் வழியில் விழுந்தால் கியர் மாத்த முடியாது, ஃப்ளாட்பெட்டில் ஏற்றுங்க. கிளட்ச் முதல், கூலர் அடுத்து, டிராக்குக்கு முன் பிரேக் பேடும் ஃப்ளூயிடும். காயில்ஓவரை அப்புறம் பேசலாம்.