மளிகை வாங்கும் பழக்கத்தை மாற்றியபோது நடந்த, இன்னும் மனசில் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல்
மாமனாருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வெள்ளை பிரெட் நின்று பிரவுன் பிரெட் வந்தது. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். சமீபத்தில் சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பாக்கெட்டை எடுத்தபோது, அலமாரியில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, சுகருக்குன்னா இது வேணாம். பின்னாடி படிச்சுப் பாருங்க." சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் வருகிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மறுபடி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

எழுத்து அவ்வளவு பொடி. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். எது எடை அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் இருந்தது மைதா. கோதுமை மாவு அதற்குப் பின்னால். கடைசி வரிசையில் 150ஏ, அதாவது நிறத்துக்குச் சேர்க்கிற கேரமல்.

பிரெட்டை விடுங்கள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாளே, அதுதான் போகவே மாட்டேன் என்கிறது. முன்பக்கம் கோதுமைக் கதிர் படம் போடுகிறவருக்கு ஒரு பயமும் இல்லை. உள்ளதைச் சொன்ன பிள்ளை பயப்படுகிறாள்.

வைகைக்கரை
எனக்கு உழவர் சந்தையில். 1999இல் மதுரை அண்ணா நகரில் ஆரம்பித்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் போகிறார்கள். இடையில் ஆப் வந்ததும் விட்டுவிட்டோம். இப்போது நான் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். அன்றைய விலையை எழுதிவைக்கிற பலகை, விற்கிற விவசாயிகளுக்கு அடையாள அட்டை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

கத்திரிக்காய் வாங்கும்போது பேச்சுவாக்கில், "நீங்களும் இதைத்தான் சமைப்பீங்களா பாட்டி?" என்று கேட்டேன். "இல்ல கண்ணு. வீட்டுக்குன்னு ஓரமா தனியா ஒரு வரிசை விட்ருக்கோம், அதுல மருந்து அடிக்கிறதில்ல" என்றார். ஒளிக்கவில்லை, தயங்கவில்லை. தராசில் ஒரு காய் கூடுதலாகவே போட்டார்.

கோபம் வரவில்லை. அவர் மேல் எப்படி வரும்? பூச்சி விழுந்த காயை நாம்தானே ஒதுக்கித் தள்ளுகிறோம். ஆனால் கத்திரிக்காயைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த ஓர வரிசை ஞாபகம் வருகிறது.

செக்கடித் தெரு
பிரெட்டில் நல்லது எது கெட்டது எது என்று ஆராய்வதே தேவையில்லாத வேலை என்பேன். இட்லியும் தோசையும் இருக்கிற ஊரில் பிரெட் எதற்கு? மல்லிகைப்பந்தல் தப்பாக நினைக்க வேண்டாம், மாமனாருக்குக் காலையில் ராகிக் கூழ் கொடுத்துப் பாருங்கள்.

என் சம்பவம் சின்னது. செக்கு எண்ணெய் என்று ஒரு கடையில் லிட்டர் 180 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனபோது மரச்செக்கு வைத்திருக்கிற பெரியவரிடம் அந்த விலையைச் சொன்னேன். அவர் பதிலே பேசவில்லை. கணக்கு நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

அந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிய வேண்டும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றாலும் பருப்புக்கே 300 ஆகிவிட்டது. புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, ஆட்டுக்கூலி, பாட்டில், கடை வாடகை சேர்த்தால் எங்கே நிற்கும்? 180 ரூபாய்க்குச் சுத்தமான செக்கு எண்ணெய் கொடுக்க யாராலும் முடியாது. அதனால் முடிந்தவர்கள் பருப்பை வாங்கி, நன்றாகக் காயவைத்து, நீங்களே கொண்டுபோய் ஆட்டுங்கள். சொத்தை, பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், அதில் சோம்பல் கூடாது. ஆட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எள் ஆட்டினால் கருப்பட்டி போடுவார்கள், பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான். வந்த எண்ணெயைத் தெளியவைத்து, அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரேயடியாக ஆறு மாதத்துக்கு ஆட்டி வைக்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும். அப்படியே வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாட்டுச் சர்க்கரைக்கு மாறுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

வேப்பமரத்தடி
செக்கடித் தெரு அண்ணா, கடைசி வரி மட்டும் வேண்டாம். என் அம்மா அதைக் கேட்டுத்தான் மாறினார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. "காபிக்கு எவ்வளவு போடறீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். அம்மா சந்தோஷமாக, "முன்னாடி அரை ஸ்பூன்தான் டாக்டர். இப்போ நாட்டுச் சர்க்கரைதானே, ரெண்டு ஸ்பூன் போடறேன்" என்றார்கள். சொல்லி முடித்ததும் அவர்கள் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்று அவ்வளவு நம்பிக்கையோடு இருந்தவர்கள்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவானாலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சர்க்கரை நோயாளிக்கு அதில் சலுகை கிடையாது. ராகிக் கூழிலும் மாவுச்சத்து உண்டு, நீர்க்கக் கரைத்துக் குடித்தால் வேகமாக ஏறும். ஆகவே மல்லிகைப்பந்தல், மாமனாரின் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

தாமிரபரணி
எங்கள் தெரு அண்ணாச்சி கடை. சூப்பர் மார்க்கெட் கார்டையும் பாயிண்டையும் விட்டுவிட்டு, பழையபடி சீட்டில் எழுதிக் கொடுத்து வாங்குகிறோம். ஒரு தடவை சீட்டைப் பார்த்தவர் பென்சிலால் ஒரு வரியை அடித்தார். "தொவரம்பருப்பு போன தடவ வாங்குனதே இருக்குமேம்மா. ஊருக்குல்லா போயிருந்திய. வண்டு விழுந்துரும், அடுத்த மாசம் வாங்கிக்கிடுங்க." வந்த வியாபாரத்தை அடித்துவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டார்.

இத்தனை வருஷம் "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்றுதான் எனக்கு எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருக்கிறதே என்று சொன்ன முதல் கடைக்காரர் அவர்தான். இன்னொன்று, அவர் இன்னும் பருப்பைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டித் தருகிறார். பிளாஸ்டிக்கை விட எவ்வளவோ மேல்.

அரசமர மேடை
செய்தித்தாள் மேல் இல்லை அக்கா. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் அதில் பொதிய வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. சூடான வடை, பஜ்ஜிக்கு அறவே கூடாது. பருப்புக்குத் துணிப்பையும், எண்ணெய்க்குத் தூக்குவாளியும் கொண்டுபோங்கள். நம் ஊரில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியில் தடை வந்தது, 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கம் வந்தது. இரண்டும் வந்த பிறகும் தேங்காய்க்குக் கேரி பேக் கேட்கிறவர்களைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கிறது. எனக்குத் தனியாகச் சம்பவம் எதுவும் இல்லை, இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மல்லிகைப்பந்தல்
எல்லாருக்கும் நன்றி. வேப்பமரத்தடி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், டாக்டரைக் கேட்காமல் எதுவும் மாற்றப்போவதில்லை. வைகைக்கரை, ஒன்று கேட்கணும். அந்தத் தனி வரிசையிலிருந்து கொஞ்சம் தருவார்களா என்று கேட்டுப் பார்த்தீர்களா?

வைகைக்கரை
அடுத்த தடவை போனபோது கேட்டேன். "எங்களுக்கே பத்தாது கண்ணு, புழு பாதி தின்னுரும்" என்றார். விலை கூடக் கொடுக்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். வேலியோர முருங்கைக்கு எதுவும் அடிப்பதில்லையாம், கீரை வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவிட்டால் ஒடித்துக்கொண்டு வருவேன் என்றார். இப்போதைக்கு அதை வாங்குகிறேன். விடியற்காலை ஆறு மணிக்குள் போனால்தான் கிடைக்கிறது.