புதுப்பிப்பு: இயக்குநருடன் நடந்த திரையிடலுக்குப் போய் வந்தோம்

வளரிளம் பருவச் சிறுவனைப் பற்றிய சுயாதீனத் தமிழ்ப் படமொன்றை இயக்குநர் முன்னிலையில் பெங்களூரு இந்திரா நகரில் திரையிடுகிறார்கள், 14 வயதான அக்கா மகனை அழைத்துச் செல்லலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். திரைப்படச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம், தணிக்கை வாரியம் தரும் யுஏ சான்றிதழை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்திருப்பதையும், அது தடையன்று, பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே என்பதையும் விளக்கியவர்களுக்கு நன்றி. இப்படம் 13+ வகைதான்.

தொடக்கத்தில் ஒலி ஒரு பக்க ஒலிபெருக்கியில் மட்டுமே வந்தது, பிறகு சரிசெய்தார்கள்.

படத்தைவிட, அதன்பின் இயக்குநருடன் நடந்த உரையாடலே என்னை அதிகம் ஈர்த்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பணமில்லாமல் படப்பிடிப்பு எட்டு மாதம் நின்றிருந்த இடைவெளியில் நாயகச் சிறுவனுக்கு மகரக்கட்டு உடைந்து குரல் மாறிவிட்டதாகவும், களத்திலேயே ஒலிப்பதிவு செய்யும் படத்தில் வேறொருவரின் குரலை ஒட்டவைக்க மனமில்லாமல் அந்த மாற்றத்தையே கதைக்குள் கொண்டுவந்ததாகவும் இயக்குநர் சொன்னார். அரங்கில் வாய் திறக்காத எங்கள் வீட்டுப் பையன் (அவனுக்கும் இப்போது அதே பருவம்தான்), மெட்ரோவில் எம்.ஜி. சாலை வருவதற்குள் கேட்டான்: “அந்தப் பையனிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் அப்படி எடுத்தார்களா, மாமா?” இந்தக் கேள்வியை அங்கேயே கேட்கச் சொல்லியிருக்க வேண்டும்.